பூனை கடித்த கைக்குப் போட்ட கட்டு

நம் வயதுக்காரர்கள் இரண்டு விஷயத்தை லேசில் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஒன்று, காது மந்தமாகிவிட்டது என்பது. இன்னொன்று, நம்மைப் பூனை கடித்தது என்பது. நாய் கடித்தால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். அதிலும் இராஜபாளையத்து நாய் கடித்தது என்றால் ஊருக்கே பெருமை. பூனை கடித்தது என்றால் டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள். போன மாதம் என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு என் கொட்டகையில் நெய்த பேண்டேஜ் கப்பலேறிப் போகிறது. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த பையன்கள் என்னிடம் வேலை கேட்டு நிற்கிறார்கள். வாசலில் நின்றபடியே, சத்தத்தை வைத்து எந்தத் தறியில் இழை அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அத்தனை தறியும் ஓடும்போது என் குரல் மட்டும் தனியாகக் கேட்கும் என்று ஆட்கள் சொல்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். எழுபதைத் தொடும்போது பெருமை அடிக்காமல் வேறு எப்போது அடிப்பது?

இந்தத் தறிகள் எல்லாம் வருவதற்கு முன்னால், அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு தறி வராமல் போனது. அதைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, ஓட்டுக் கொட்டகையில் ஆறு தறி போட்டிருந்தார். பேண்டேஜ் துணி மட்டும்தான் நெய்வார்கள். அப்பா அங்கே தறி ரிப்பேர் பார்த்தார். நாங்கள் குடியிருந்தது கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில். பாவு நூலுக்குப் போடும் கஞ்சி காய்ச்சுகிற வாடைதான் எங்களுக்கு விடிகாலை. கொட்டகைக்குள் போய்விட்டு வந்தால் பஞ்சுத்தூசி படிந்து குழந்தைக்கும் புருவம் நரைத்திருக்கும்.

அம்மா துணி சுருட்டினாள். கைப்பிடி வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. இடது கையால் பிடியைச் சுற்ற வேண்டும். ஓடி வருகிற துணியை வலது கை ஆள்காட்டி விரல் அழுத்திக் கொடுக்க வேண்டும். விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் சுருள் தொளதொளத்து நத்தை மாதிரி வெளியே பிதுங்கும். அம்மா சுருட்டியதைத் தரையில் நிறுத்தினால் அப்படியே நிற்கும். மாவுப் பசை தடவி அதற்கு நீலத்தாள் சுற்றுவது என் வேலை. அந்தச் சாயம் என் விரல் இடுக்கில் வாரக்கணக்கில் போகாது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் உறை. அந்த நீலத்தாளை எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மாமாவுக்குத் தன் துணியைப் பற்றிப் பேசினால் பசிக்காது.

"பிறந்த பிள்ளை தொப்புளுக்கும் நம்ம துணி, செத்தவன் வாய் தொறக்காமக் கட்டுத நாடிக்கட்டுக்கும் நம்ம துணி. நடுவுல வார அம்புட்டு நோவுக்கும் நம்ம துணிதாம்லே" என்பார்.

அவர் மட்டும் இல்லை, எங்கள் ஆட்கள் எல்லோருமே அந்தத் துணியை மருந்து என்றே நம்பினார்கள். யாருக்குக் காயம் பட்டாலும் தறியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துச் சுற்றிவிடுவார்கள். தறியிலிருந்து இறங்குகிற துணி கஞ்சியும் எண்ணெயும் தூசியும் பிடித்த பச்சைத் துணி. அதை வெளுத்து, அலசி, ஆவியில் வேகவைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஆகும். அந்த வேலை வேறு இடத்தில் வேறு ஆட்களுடையது. நாங்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நெல்லும் அரிசிதானே என்று வாயில் அள்ளிப் போட்டுக்கொண்ட கதை எங்களுடையது.

அந்தக் கோடையில் மதுரையிலிருந்து ஒரு வியாபாரி சரக்குப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் சரி என்றால் வருஷம் முழுக்க வேலை ஓடும். மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார்: "ஏட்டி, அந்த ஆளு மட்டும் தலைய ஆட்டிட்டா ஏழாவது தறி ஒன் பேர்லதான். நீ என்ன காலம்பூரா சுருட்டிக்கிட்டேவா இருப்ப?"

கொட்டகையின் வடக்கு மூலை காலியாகக் கிடந்தது. ஏழாவது தறி அங்கேதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். தினமும் அந்த மூலையைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். நான் அங்கே கோலிக்குண்டு ஆடினால் முதுகில் ஒன்று விழும். "அது தறிக்குழி வார எடம்லே" என்பாள். குழி கைத்தறிக்குத்தான், மின்தறிக்குக் கிடையாது. அவள் மனசுக்குள் மட்டும் அங்கே ஒரு குழி வெட்டியாகிவிட்டது.

துணிக்கட்டுகளை எலி கடிக்காமல் இருக்க ஒரு வரிப்பூனை கொட்டகையில் திரிந்தது. யாரும் அதற்குச் சோறு வைத்ததில்லை, பெயரும் வைத்ததில்லை. அது வியாபாரிக்குக் காட்ட வைத்திருந்த துணிக்குவியலுக்குள் குட்டி போட்டுவிட்டது. மாமா பதறிப்போனார்.

"ஏட்டி, அதுகளத் தூக்கி வெளிய போடு. ஆஸ்பத்திரித் துணில பூனைக்குட்டி கெடந்தா அவரு வாசலோட திரும்பிருவாரு."

"தாய்ப்பூனை உள்ளதான் கெடக்குண்ணே. செத்த நேரம் பொறு, அது எரைக்கு வெளிய போவட்டும்."

"பூனைக்குப் பயந்தவ தறிய எப்படிட்டி ஓட்டுவ?"

தறி என்ற சொல் வந்ததும் அம்மா குவியலுக்குள் கையை விட்டுவிட்டாள். உள்ளேயிருந்து சீறல் கேட்டது. கையை வெடுக்கென்று இழுத்தாள். வலது கை ஆள்காட்டி விரல் தொடங்குகிற முட்டியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

தறிக்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்னக்கா, ஒன் வெரல எலின்னு நெனச்சிருச்சா?"

கொட்டகையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அதற்கு முந்திய மாதம்தான் மாமா வீட்டு வெள்ளை நாய் பால்காரரைக் கடித்திருந்தது. பால்காரர் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு, சட்டையைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார். நாய்க்கடி என்றால் எல்லோருக்கும் குலை நடுங்கும். பூனைக்கடிக்கு நடுங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூனைக்கும் நாயைப் போலவே வெறி வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பத்தடி தள்ளிக் கிணறு இருந்தது. துவைக்கிற கல்லின்மேல் சவுக்காரக் கட்டி இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாமா தறியிலிருந்து நீளமாக ஒரு கீற்றைக் கிழித்தார். விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கி இறுக்கிச் சுற்றி, முனையைப் பிளந்து முடிச்சுப் போட்டார். கட்டு அழகாகத்தான் இருந்தது. அதில் அவருக்குக் கைப்பழக்கம் உண்டு.

அன்று பொழுது சாய்வதற்குள் அம்மாவின் விரல் நுனிகள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டன. மறுநாள் காலையில் கட்டின்மேல் கை வைத்தேன். உலைப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அவுத்துரட்டாண்ணே? விண்ணு விண்ணுன்னு தெறிக்கு" என்று கேட்டாள்.

"அவுத்தா காத்துப் படும். காத்துப் பட்டா சீப்பிடிக்கும். பேசாம கெட."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வியாபாரி வந்தார். குடையும் கையுமாக ஒல்லியான மனிதர். துணியை வெளிச்சத்தில் பிடித்து இழையை எண்ணினார், மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

"பாருங்கய்யா. எந்தங்கச்சிதான். தறில லேசாக் கீறிருச்சு, நாந்தான் கட்டுனேன். கட்டி வச்சு இம்புட்டு நேரத்துக்கு ஒரு நூலாவது நழுவிருக்கா பாருங்க."

பூனை என்று அவர் சொல்லவில்லை.

வியாபாரி இரண்டு விரலால் கட்டை அழுத்திப் பார்த்தார். திருப்பி அழுத்தினார். மணிக்கட்டுப் பக்கம் சுண்டி இழுத்தார். நான் அம்மாவின் காலடியில் நீலத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் கால் கட்டைவிரல் மண்தரையைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முகம் சிரித்தபடி இருந்தது. கண் மட்டும் வடக்கு மூலையில் இருந்தது.

"நல்லாத்தான் உக்காந்திருக்கு" என்றார் வியாபாரி. தலையை ஆட்டிவிட்டார்.

அன்றைக்கு மாமா வீட்டில் பாயசம். அம்மா குடிக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிருகிறது என்றாள். கட்டுக்கு மேலே முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அப்போதுதான் மாமாவின் முகம் மாறியது. நல்ல டாக்டர் எங்கள் தெருமுனையிலேயே இருந்தார். நடந்தே போய்விடலாம்.

"அங்க வேண்டாம்" என்றார் மாமா. "அவரு நம்ம துணி வாங்குதவரு. இதப் பாத்தா என்ன நெனைப்பாரு? ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போ."

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஏறியும் நின்றுகொண்டுதான் போனோம். அம்மா கையைத் தொங்கவிட முடியாமல் மேல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தாள். பார்ப்பவர்களுக்குக் கம்பியைப் பிடித்திருப்பது போலத்தான் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினதும் பால் சுண்டக் காய்கிற வாசனை. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. அம்மா ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

டாக்டர் கத்தரியால் கட்டை வெட்டினார். உள்துணி தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு விட்டுப் பிரித்ததும் வந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை.

"எது கடிச்சது?"

"பூனைங்க" என்றார் அப்பா.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்தார். டாக்டர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"யாருய்யா இப்படிக் கட்டுனது?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாந்தாங்க."

"ஒனக்குப் புத்தி இருக்கா? நாய்ப்பல்லு கிழிக்கும், பூனைப்பல்லு ஊசி மாதிரி எறங்கும். வெளிய பார்த்தா புள்ளி, உள்ள மூட்டு வரைக்கும் போயிருக்கு. பூனை வாயில இருந்த அழுக்கெல்லாம் உள்ள போயாச்சு. அதுக்கு மேல மூடி போட்டு வச்சிருக்க. எங்கய்யா போகும் அது? அன்னைக்கே சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்கிட்டு வந்திருந்தா ஒரு ஊசியோட போயிருக்கும்."

அத்தனை பேர் முன்னால் அப்பா அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு நின்றார். கட்டியது இவர் இல்லை என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. முட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் ஊசி வேளை தவறாமல் போட்டார்கள். காயத்தை மூடாமல், மருந்தில் நனைத்த மெல்லிய துணியைத் திணித்துத் தினமும் மாற்றினார்கள். வெள்ளை வெளேரென்று, கஞ்சி வாடையே இல்லாத துணி. எங்கள் துணி ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது அங்கேதான்.

கை பிழைத்தது. விரல் பிழைக்கவில்லை. உள்ளே நரம்பு ஒட்டிப்போய் ஆள்காட்டி விரல் மடங்காமலே நின்றுவிட்டது. எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா என் காதருகே குனிந்தார்.

"ஏலே, டாக்டர் சொன்னத மாமாட்டச் சொல்லிராத. அவிய மனசு கஷ்டப்படும். நம்ம குடியிருக்கது அவிய எடத்துல."

கொட்டகை வாசலில் மாமா ஆட்களுக்கு நடுவில் நின்றிருந்தார். "நாங் கட்டுன கட்டுதான் விஷத்தை மேல ஏறவிடாம நிறுத்திருக்கு. இல்லன்னா கையையே எடுத்திருப்பான்" என்றார். தறிக்காரர்கள் ஆமாம் என்றார்கள். அப்பாவும் ஆமாம் என்றார்.

ஏழாவது தறி வந்தது. வடக்கு மூலையில்தான் இறங்கியது. மாமா அதைத் தன் பெண்டாட்டி பேரில் போட்டார். அம்மா கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "வெரலு மடங்காம அறுந்த எழைய எப்படிட்டி முடிவ? ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

சுருட்டுகிற பெட்டி வேறொரு பெண்ணிடம் போனது. அம்மா பஞ்சுத்தூசி கூட்டினாள், கஞ்சி காய்ச்சினாள். அவள் கூலியில் விழுந்த துண்டை ஈடுகட்ட என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறியில் போட்டார்கள். நாலாம் வகுப்பு என்று மேலே நெஞ்சை நிமிர்த்தி எழுதினேனே, அது அந்த வருஷம் நின்றதுதான். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் ஓட்டுக்கு அடியில் வைத்து வளர்த்தது.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. "நாந்தாங்க" என்று சொன்னதைக் கடைசிவரை அவர் திருத்தவில்லை.

அம்மா இருக்கிறாள். தொண்ணூறுக்குக் கிட்டத்தில், கண் மங்கி, என்னோடு இருக்கிறாள். மாமாவும் இருக்கிறார். அவருடைய தறிகளை மகன்கள் விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். தறிச் சத்தம் அவர் காதை முழுசாக வாங்கிவிட்டது. சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார். என் கொட்டகைப் பெண்களை நிறுத்தி வைத்து, தங்கச்சி கையைக் காப்பாற்றிய கட்டைப் பற்றிச் சொல்லுவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் என் கார் மூடுகிற தார்ப்பாய்க்குள் பூனை படுத்திருந்தது. தெரியாமல் இழுத்தேன். மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. டிரைவர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரை எடு என்றேன். நான் நினைத்தால் மதுரையில் பெரிய இடத்துக்கே போயிருப்பேன். இதற்கெல்லாம் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் தயாராக இருக்கும் என்பதால் அங்கே போனேன்.

டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். முதல் வேலையாக என்னைக் குழாயடிக்கு அனுப்பினாள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம். கை மரத்துப்போனது. "இன்னும் கொஞ்சங்கய்யா" என்றாள். பிறகு பழுப்பு மருந்து தடவினாள். டி.டி. ஊசி போட்டாள். வெறிநோய்க்குத் தோளில் ஊசி, கடிவாயைச் சுற்றியும் ஒரு மருந்து. மறுபடி எந்தெந்த நாளில் வரவேண்டும் என்று சொல்லி, தவறவே கூடாது என்றாள். சீழ் பிடிக்காமல் இருக்க மாத்திரை கொடுத்தாள்.

"சர்க்கரை இருக்காங்கய்யா?"

"இருக்கு தாயி."

"அப்ப ரொம்பக் கவனம். கையில பூனைக்கடி சீக்கிரம் உள்ள போயிரும். வீங்குனாலோ, செவப்பு மேல ஏறுனாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, ஒடனே வாங்க."

நான் சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்து நீட்டினேன். வெளுத்து, வேகவைத்து, உறை போட்ட முதல்தரச் சரக்கு. "இதுல கட்டு தாயி. நம்ம கம்பெனிதான்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகத்தான்.

"கட்டு வேண்டாங்கய்யா. தொறந்தே இருக்கட்டும்."

சுருளை நீட்டிய கையோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையை வாங்கித் தடவினாள். மடங்காத விரல் என் உள்ளங்கையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. மற்ற விரல்கள் துணியைத் தேடின.

"கட்டு எங்கலே?"

"கட்டக் கூடாதாம்மா. கழுவிட்டுத் தொறந்து விட்டுரணுமாம்."

அவள் கையை விடவில்லை.

அந்த நேரத்தில் மாமா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். அவர் கொட்டகையில் நெய்தது. பழுத்து மஞ்சளாகியிருந்தது. அந்தக் காலத்துச் சரக்கில் ஒன்றை எங்கேயோ வைத்திருந்திருக்கிறார். சுற்றியிருந்த நீலத்தாள் பாதி உதிர்ந்திருந்தது. நான் தேடித் தேடிக் கிடைக்காத தாள்.

"கையை நீட்டுலே. நாங் கட்டுதேன். ஒங்கம்மா கையக் காப்பாத்துன துணி இது" என்றார்.

அம்மா கையை நீட்டி அந்தச் சுருளை வாங்கினாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் சுருட்டியதாகக்கூட இருக்கலாம், இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கொண்டு போண்ணே" என்றாள், சாதாரணக் குரலில். "ஒன் நாடிக்கட்டுக்கு ஆகும்."

மாமா காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகம் சிரித்தபடி இருந்தது.

"என்னலே சொல்லுதா ஒங்கம்மா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸும், என் காதருகே குனிந்த அப்பாவின் வாயும் ஞாபகத்துக்கு வந்தன. அம்மாவைப் பார்த்தேன். அவள் விரல் நீட்டியபடி இருந்தது.

நான் மாமாவின் காதருகே குனிந்தேன். தறிக்கு மேலே கேட்கிற குரலில், அம்மா சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.